பிளாக் சிம்ஃபனி: மேடையில் 60 பேர் வாசித்தும் பின்னணி டிராக்கே கனமாகக் கேட்பது ஏன்?

பனிக்கடல்:

வணக்கம். கனமான மின்கிட்டார் இசையோடு ஆர்கெஸ்ட்ராவும் சேரும் சிம்ஃபோனிக் மெட்டல் இசையை 15 ஆண்டுகளாக விடாமல் கேட்டு வருகிறேன். இத்தனை காலம் கேட்ட பிறகும் என் காதுக்குப் பிடிபடாத ஒன்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்களிடம் கேட்கத் தோன்றியதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த இசையில் நான் முதலில் கேட்ட நேரலைப் பதிவு நைட்விஷ் குழுவின் 'எண்ட் ஆஃப் அன் எரா'. 2005 அக்டோபர் 21 அன்று ஹெல்சிங்கியின் ஹார்ட்வால் அரங்கில் பதிவாகி 2006இல் வெளிவந்த அந்த நிகழ்ச்சி எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். எந்தப் பாட்டு முடிந்ததும் கூட்டம் எவ்வளவு நேரம் ஆர்ப்பரிக்கும் என்பதுகூட நினைவில் இருக்கிறது. சென்ற மாதம்தான் வித்தின் டெம்ப்டேஷன் குழுவின் 'பிளாக் சிம்ஃபனி'யை முதன்முறையாக ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். 2008 பிப்ரவரி 7 அன்று ரோட்டர்டாமின் அஹோய் அரங்கில், 10,000 பேருக்கு மேல் கூடியிருக்க, 60 பேர் கொண்ட மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவையும் ஒரு பாடகர் குழுவையும் உடன் வைத்துக்கொண்டு அவர்கள் நடத்திய நிகழ்ச்சி அது. குழுவினர் மேடைக்கு வருவதற்கு முன் ஆர்கெஸ்ட்ரா தனியாக ஒரு முகப்பிசையை வாசிக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இனி வரப்போகும் இரண்டு மணி நேரமும் இப்படியே இருக்கும் என்று நம்பினேன்.

ஆனால் கிட்டார்களும் டிரம்ஸும் முழு வேகத்தில் இறங்கியதும் அந்த வயலின்கள் எங்கே போயின என்று தேட வேண்டியதாயிற்று. திரையில் வில்கள் அத்தனையும் ஒன்றுபோல் மேலும் கீழும் போய் வருகின்றன. வாசிப்பவர்களின் முகங்களில் உழைப்பு தெரிகிறது. காதில் விழுவதோ பாடகர் குழுவும், எக்காளமும், அவற்றுக்கு அடியில் ஏதோ ஒரு மங்கலான திரையும்தான். ஹெல்சிங்கியில் அன்று மேடையில் ஒரு வயலின்கூட இல்லை. ஆர்கெஸ்ட்ரா ஒலியெல்லாம் முன்பே பதிவு செய்து வைத்த பின்னணி டிராக்கிலிருந்தும் துவோமாஸ் ஹோலோபைனனின் கீபோர்டிலிருந்தும் வந்தவைதான். அப்படியிருந்தும், எவ்வளவு கடுமையான இடத்திலும் வயலின் முதலான அந்தத் தந்திகள் கிட்டாருக்கு மேலே தெளிவாக நிற்கின்றன. ஆளில்லாத ஆர்கெஸ்ட்ரா ஆளுள்ள ஆர்கெஸ்ட்ராவைவிடக் கனமாகக் கேட்பது எப்படி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெதுவான இடங்களில் நிலைமை தலைகீழாகிறது. குழுவின் பாடகி ஷரோன் டென் அடெலும் விருந்தினராக வந்த அனெகே வான் கீர்ஸ்பெர்கனும் சேர்ந்து பாடும் 'சம்வேர்' பாட்டில் தந்திகள் உள்ளே வரும்போது ஏற்பட்ட நெகிழ்ச்சி, ஹெல்சிங்கிப் பதிவின் ஆர்கெஸ்ட்ரா ஒலியால் எனக்கு ஒருமுறைகூட ஏற்பட்டதில்லை. அப்படியானால் ரோட்டர்டாம் பதிவின் ஒலிக்கலவையில் குறையா, அல்லது மெட்டலோடு ஆர்கெஸ்ட்ரா சேரும்போது இப்படித்தான் ஆகுமா, அல்லது ஒரே பதிவை 15 ஆண்டுகள் கேட்டுப் பழகிய என் காதுதான் மற்றதை ஏற்க மறுக்கிறதா?

கலவைமேசை:

நண்பரே, மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலிக்கலவை செய்வதே என் வேலை என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. உங்கள் காதில் குறை ஏதும் இல்லை. நீங்கள் கேட்டது உண்மையில் அங்கே இருப்பதுதான். அதற்குக் கலவைப் பொறியாளரை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பதை விளக்க முயல்கிறேன்.

60 பேர் என்ற எண் கண்ணுக்குத் தரும் பிரமிப்பைக் காதுக்குத் தருவதில்லை. ஒரே அளவில் ஒலிக்கும் வாத்தியங்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் ஒலியளவு 3 டெசிபல்தான் கூடும். ஒரு வயலின் 16 வயலின்களாகும்போது கிடைப்பது 12 டெசிபல். நம் செவியோ ஏறக்குறைய 10 டெசிபல் கூடினால்தான் 'இரு மடங்கு சத்தம்' என்று ஒப்புக்கொள்கிறது. ஆகவே 16 வயலின்கள் சேர்ந்து வாசித்தாலும், ஒற்றை வயலினைப் போல இரண்டு மடங்கைச் சற்றே தாண்டிய சத்தமாகத்தான் அவை நமக்குப் படும். ஒலியின் தன்மை மட்டும் மாறிவிடும். தனி வயலினின் கீறல் மறைந்து பட்டுப் போன்ற ஒரு திரட்சி வந்துவிடும். மறுபுறம், ஒரே ஒரு டிரம்ஸ் கலைஞர் ஓங்கி அடித்தால் அவருக்கு அருகில் 100 டெசிபலை எளிதாகத் தாண்டிவிடும். கிட்டாருக்கோ மின்பெருக்கி இருக்கிறது. அதன் ஒலியை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

சத்தத்தின் அளவைவிட முக்கியமான சிக்கல் அலைவரிசையில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் முறை) ஏற்றிய கிட்டார் ஒரு சுரத்தை வாசிக்கும்போது அந்தச் சுரத்தோடு நிற்பதில்லை. அதன் மேற்சுரங்களை எல்லாம் அடர்த்தியாக எழுப்பி, சுமார் 100 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை இடைவெளியே இல்லாமல் நிரப்பிவிடுகிறது. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. வியோலாவும் செல்லோவும் இன்னும் கீழே தொடங்கி அதே பரப்பிலேயே மேலேறுகின்றன. இரண்டு ஒலிகள் ஒரே பரப்பில் மோதும்போது வலியது மெலியதை நம் செவிக்குள்ளேயே மறைத்துவிடும். அங்கே வயலின் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. உட்செவிக்கு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. எக்காளம் தப்பிப்பதற்குக் காரணம் அதன் கூரிய எடுப்பு. பாடகர் குழு தப்பிப்பதற்குக் காரணம் வல்லெழுத்துகளின் வெடிப்பு. தந்திகளுக்கு இந்த இரண்டுமே இல்லை.

இனி மைக். ஹெல்சிங்கியில் ஒலித்த ஆர்கெஸ்ட்ரா அந்த மேடையில் பிறந்ததன்று. 2004இல் வெளிவந்த நைட்விஷின் 'ஒன்ஸ்' தொகுப்புக்காக, பிப் வில்லியம்ஸின் ஆர்கெஸ்ட்ரா இசைக்கோப்பில் லண்டன் வாத்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்த பகுதிகளே அந்தத் தொகுப்பின் பாடல்களுக்கு அடித்தளம். கூடத்தில் பதிவான அத்தகைய ஒலியில் டிரம்ஸ் ஒரு துளிகூடக் கலந்திருக்காது. ஆகவே கலவை செய்பவர் அதை விரும்பிய அளவுக்கு உயர்த்தலாம், அழுத்தலாம், கிட்டார் இல்லாத பகுதியில் பளபளப்பேற்றலாம். நேரடி மேடையில் அந்தச் சுதந்திரம் கிடையாது. வயலினுக்கு மிக அருகில் வைத்த மைக்கில்கூடப் பின்னாலிருக்கும் டிரம்ஸின் சிம்பல் வந்து விழும். வயலினை உயர்த்தினால் சிம்பலும் கூடவே உயர்ந்து வரும். இதற்காகத்தான் ஒவ்வொரு வாத்தியத்தின் உடலிலும் சின்னஞ்சிறு மைக்குகளைப் பொருத்துகிறார்கள், டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி போன்ற தடுப்புகளை நிறுத்துகிறார்கள், ஸ்பீக்கர்களை மேடையிலிருந்து அகற்றிவிட்டுக் காதுக்குள் வைக்கும் மானிட்டர்களைக் கொடுக்கிறார்கள். இவ்வளவு செய்தாலும் கசிவு குறையுமே தவிர முற்றிலும் நிற்காது.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், பிளாக் சிம்ஃபனியில் கிட்டார்களை இன்னும் கொஞ்சம் துணிந்து பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்திருந்தால் மெட்டலின் வலு போய்விட்டது என்று இன்னொரு தரப்பினர் வருந்தியிருப்பார்கள். எந்த முடிவை எடுத்தாலும் யாருக்கோ ஒன்று குறையும் கலவை இது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஹெட்ஃபோனின் ஒலியளவை நீங்கள் வழக்கமாக வைப்பதைவிட நன்றாகக் குறைத்து, பாஸைக் கூட்டும் அமைப்பு எதுவும் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தாழ்ந்த ஒலிகள் மேலுள்ள ஒலிகளை மறைக்கும் வலிமை, சத்தம் கூடக் கூட அதிகரிக்கும். சத்தத்தைக் குறைத்தால் வயலின்கள் தாமாகவே கொஞ்சம் வெளியே வரும்.

நீள்குரல்:

மேலே சொல்லப்பட்ட அறிவியல் விளக்கத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஹெல்சிங்கியைப் 'பின்னணி டிராக் வைத்த நிகழ்ச்சி' என்ற அளவில் எடைபோட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் வாழ்க்கையில் நான் அதிக முறை பார்த்த நேரலைப் பதிவு அதுதான். அதன் வலிமை ஆர்கெஸ்ட்ராவில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த இரவின் பின்புலம் பலருக்கும் தெரிந்ததே. 'ஒன்ஸ்' சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி அது. நிகழ்ச்சி முடிந்த பின் பாடகி டார்யா டுருனனிடம் அவரைக் குழுவிலிருந்து விலக்கும் கடிதம் கொடுக்கப்பட்டது. அந்தக் கடிதம் பொதுவெளியிலும் வெளியானது. பதிவுக்குப் பிறகு நடந்த அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டே நாம் எல்லாரும் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறோம். அதனால் அவர் கூட்டத்தை நோக்கிக் கையசைப்பதில்கூட விடைபெறுதலைக் காண்கிறோம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்தேன். இப்போது அதைத் தவறு என்று நினைக்கிறேன். பாடும்போது அவருக்கு அது தெரியாது. தெரியாமல் பாடிய ஒருவரின் குரலில் நாமாகத் துயரத்தை ஏற்றிக் கேட்டால் அவர் உண்மையில் என்ன பாடினார் என்பதே நம் காதில் விழாமல் போய்விடும். கூடவே வரும் 55 நிமிட ஆவணப்படம் அந்த நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்களைக் காட்டுகிறது. அதை முதலில் பார்க்காமல், நிகழ்ச்சியை முழுவதும் கேட்ட பிறகு பார்ப்பதே நல்லது என்பேன்.

அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டுக் கேட்டால் என்ன தெரிகிறது? மேடையில் ஐந்தே பேர். அவர்களில் மார்க்கோ ஹியேடலா பாஸும் வாசித்து, டார்யாவின் பயிற்சி பெற்ற உச்சக் குரலுக்கு எதிரே கரகரப்பான தம் குரலையும் நிறுத்துகிறார். அந்த இரு குரல்களின் உரசலே அந்த நிகழ்ச்சியின் நாடகம். லகோட்டா மரபைச் சேர்ந்த ஜான் டூ-ஹாக்ஸ் மேடையேறிக் குழலை எடுக்கும்போது அந்தப் பெரிய அரங்கமே மூச்சடக்கி நிற்கிறது. அங்கே ஒரு மனிதரின் காற்று ஒரு குழலுக்குள் போகிறது, அவ்வளவுதான். 'உயிருள்ள ஆர்கெஸ்ட்ரா இல்லை' என்ற குறையை அந்த நிமிடத்தில் யாராவது உணர்ந்திருப்பார்களா?

இன்னொரு சான்றும் என்னிடம் உண்டு. 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' என்ற 10 நிமிடப் பாட்டை 2005 ஹெல்சிங்கியில் டார்யா பாடினார். 2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் நைட்விஷின் பிந்தைய பாடகி ஃப்ளோர் யான்சன் பாடினார், அது 'ஷோடைம், ஸ்டோரிடைம்' வெளியீட்டில் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா இரண்டு இடத்திலும் பதிவிலிருந்தே வருகிறது. ஆனாலும் இரண்டும் ஒரே பாட்டு என்று சொல்லத் தயங்கும் அளவுக்கு வேறுபடுகின்றன. டார்யா அந்தப் பாட்டை ஒரு கோபுரத்தின் உச்சியில் நின்று பாடுவதுபோல் பாடுகிறார். ஃப்ளோர் முடிவை நெருங்க நெருங்கத் தம் குரலின் எல்லா வாசல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகிறார். மாறாத டிராக்கின் மேல் மனிதர்கள் எவ்வளவு மாறலாம் என்பதை அறிய விரும்புபவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

ஒரு சிறு சேர்க்கை: நைட்விஷ் உண்மையான ஆர்கெஸ்ட்ராவைப் பதிவில் பயன்படுத்தத் தொடங்கியதே 2002இல் வந்த 'செஞ்சுரி சைல்ட்' தொகுப்பில்தான். அதற்கு முந்தைய பாட்டுகளில் தந்தி ஒலி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் துவோமாஸின் கீபோர்டுதான். அவற்றுக்கு 'அசல் ஆர்கெஸ்ட்ரா' என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

வில்நாண்:

நான் வயலின் வாசிப்பவள். ஆர்கெஸ்ட்ராவின் இரண்டாம் வயலின் வரிசையில் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். சில முறை டிரம்ஸும் மின்கிட்டாரும் பின்னால் ஒலிக்க வாசித்தும் இருக்கிறேன். பனிக்கடல் கேட்ட கேள்வியின் இரண்டாம் பாதியை, அதாவது மெதுவான இடங்களில் மட்டும் நெகிழ்ச்சி ஏன் வருகிறது என்பதை, யாரும் இன்னும் தொடவில்லை. எனக்கு அந்தப் பாதிதான் பெரிதாகத் தோன்றுகிறது.

ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. மேடையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு 20 மீட்டர் என்று வைத்தால், டிரம்ஸின் அடி கடைசி வரிசை வயலினுக்கு 60 மில்லிவிநாடி தாமதமாக வந்து சேரும். நிமிடத்துக்கு 180 அடி என்ற வேகத்தில் கால் அடியின் நீளமே 83 மில்லிவிநாடிதான். அப்படியானால் காதால் டிரம்ஸைக் கேட்டு அதன்படி வாசிக்கும் வயலின் கலைஞர், ஒரு கால் அடியின் பெரும்பகுதி பின்தங்கியே வாசிப்பார். இந்தச் சிதறலைத் தவிர்க்கவே கிளிக் டிராக் வைக்கிறார்கள். நடத்துநரும் டிரம்ஸ் கலைஞரும், பல சமயம் வாத்தியக்காரர்களும்கூட, காதில் ஒரே டிக் டிக் ஒலியைக் கேட்டபடி வாசிக்கிறார்கள்.

கிளிக் வந்ததும் எங்களிடமிருந்து ஒன்று பறிபோகிறது. ஒரு சொற்றொடரின் உச்சியில் இமைப்பொழுது தங்குவது, அடுத்ததற்குள் நழுவி இறங்குவது, பாடகி மூச்சை எடுக்கும் வரை வில்லை நீட்டிப் பிடிப்பது என்று நாங்கள் காலத்தோடு நடத்தும் உறவெல்லாம் அங்கே நடக்காது. வேகமான மெட்டல் பாட்டில் ஆர்கெஸ்ட்ரா கால அளவைப் பொறுத்தவரை பின்னணி டிராக்கைப் போலவே ஆகிவிடுகிறது. ஒலியில் டிராக்கைவிட மங்கல், காலத்தில் டிராக்கைப் போன்றே இறுக்கம் என்ற நிலையில் அங்கே நேரடி ஆர்கெஸ்ட்ரா தோற்பதில் எனக்கு வியப்பில்லை. கிட்டார் விலகிய இடத்திலோ மறைப்பு நீங்கிவிடுகிறது. ஒரே சுரத்துக்குள் வில்லின் அழுத்தம் கூடிக் குறைவதும், 16 பேர் ஒரே சமயம் கைவிரலை அசைப்பதில் வரும் நுண்ணிய முரண்களும் காதுக்கு எட்டுகின்றன. 'சம்வேர்' உங்களை நெகிழ்த்தியது இதனால்தான் என்று நினைக்கிறேன். முகப்பிசைக்கும் இதே காரணம் பொருந்தும்.

இசையமைப்பாளர்கள் இந்தச் சிக்கலை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், மால்கம் ஆர்னால்டு நடத்த, ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவும் சேர்ந்து, அக்குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் படைப்பை வாசித்தார்கள். அதன் முதல் பகுதியில் இரு தரப்பும் எதிரெதிர் அணிகளைப் போல மாறி மாறிப் பேசுகின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் ஒதுங்கினால் மறைப்புக்கே இடமில்லை. 1999 ஏப்ரலில் மெட்டாலிகா என்ற மெட்டல் குழு சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபனியோடு வாசித்தபோது, ஆர்கெஸ்ட்ராவை நடத்திய மைக்கேல் கேமன் வேறொரு வழியை எடுத்தார். பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராவை மனத்தில் வைத்து எழுதப்படாத பாட்டுகள் அவை. அவற்றின் கிட்டார் வரிகளைத் தந்திகளுக்கு அப்படியே பங்கிட்டுக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது என்பதால், பல இடங்களில் பாட்டிலேயே இல்லாத புதிய எதிர்வரிகளை எழுதிச் சேர்த்தார். எல்லா இடத்திலும் அது வெற்றி பெற்றது என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இருக்கிறது. ஆனால் அந்த ஆர்கெஸ்ட்ரா காதில் விழுகிறது.

சிம்ஃபோனிக் மெட்டலின் இடர் இதற்கு நேர் எதிரானது. இங்கே பாட்டு பிறக்கும்போதே ஆர்கெஸ்ட்ராவோடு பிறக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை எழுதுபவர் பதிவுக்கூடத்தில், எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளக்கூடிய ஒலியை மனத்தில் வைத்து எழுதுகிறார். கிட்டார் வாசிக்கும் அதே வரியை செல்லோவும் வாசித்தால் பதிவில் அது கிட்டாருக்குத் தடிமன் கூட்டும். மேடையில் காணாமல் போகும்.

இந்த நிலையில் ரோட்டர்டாமில் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு என்பேன். 1945இல் நெதர்லாந்து வானொலிக்காகத் தொடங்கப்பட்ட அந்தக் குழு வழக்கமான சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா அன்று. ஜாஸ் பெருவாத்தியக் குழுவும் தந்திப் பிரிவும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. மைக்குக்கு முன்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில் வாசிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. தாளத்தை நடத்துநரின் கோலைவிடச் சற்றுத் தாமதித்து எடுப்பது பல சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராக்களின் பழக்கம். அதைத் தாளப் பிரிவுக்கு நேராக எடுக்கப் பழகியவர்கள் மெட்ரோபோல் கலைஞர்கள். பிளாக் சிம்ஃபனியில் ஒலி மங்கும் இடங்கள் உண்டு. ஆனால் கால் தடுமாறும் இடம் ஒன்றுகூட என் காதில் படவில்லை. அதன் அருமை, அப்படித் தடுமாறிய வரிசையில் அமர்ந்து வாசித்தவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

பனிக்கடல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் உட்கார்ந்து கேட்டேன்.

ஒலியளவைக் குறைத்துக் கேட்கச் சொன்ன யோசனை உண்மையிலேயே பலன் தந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்த அளவு மிக அதிகம் என்பதை இப்போதுதான் உணர்கிறேன். 'அவர் சாலம் அவர்' பாட்டில் பாடகர் குழுவின் லத்தீன முழக்கம் முன்பே தெளிவாகக் கேட்டது. இப்போது அதற்குப் பின்னால் உயர்ந்த ஸ்தாயியில் ஓடும் வயலின்களையும் பின்தொடர முடிகிறது. தாழ்ந்த ஸ்தாயியில் வாசிக்கும் இடங்கள் இன்னமும் புலப்படவில்லை. கிட்டார் நிறைத்திருக்கும் பரப்பு அதுதான் என்று தெரிந்த பிறகு, அந்தக் குறை முன்போல் என்னை உறுத்தவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது ஏமாற்றம் பாதியாகக் குறைந்தது. வில்கள் அசைவதைப் பார்க்கும்போது மனம் அந்த அளவுக்கு ஒலியை எதிர்பார்க்கிறது. பார்க்காதபோது கேட்பதைக் கொண்டு நிறைவடைகிறது. 60 பேரைப் படம்பிடித்துக் காட்டியதுகூட என் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

நீள்குரல் அவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கடிதத்தை மறந்துவிட்டு ஹெல்சிங்கியைக் கேட்க முயன்றேன். முழுமையாக முடியவில்லை. ஆனால் 'ஸ்லீப்பிங் சன்' பாட்டில் டார்யா எவ்வளவு நிதானமாக, எவ்வளவு நிறைவாகப் பாடுகிறார் என்பதை 15 ஆண்டுகளில் முதன்முறையாகக் கவனித்தேன். இத்தனை நாள் அதில் நானே ஒரு சோகத்தைப் பூசி வைத்திருந்தேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்த வேறுபாடுகளை இன்னும் கூர்மையாகக் கேட்டுப் பழக அடுத்து எந்த வெளியீட்டை எடுக்கலாம்?

கலவைமேசை:

டிம்மு போர்கிரின் 'ஃபோர்சஸ் ஆஃப் த நார்தர்ன் நைட்' 2017இல் வெளிவந்தது. சிம்ஃபோனிக் பிளாக் மெட்டல் என்பதால் உங்கள் வழக்கமான ரசனையைவிடக் கடுமையாக இருக்கும். ஆனால் உங்கள் கேள்விக்கென்றே அமைந்ததுபோல் அதில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. ஒன்று 2011இல் ஓஸ்லோவின் ஸ்பெக்ட்ரம் அரங்குக்குள் நார்வே வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு; மற்றொன்று 2012இல் வாக்கன் விழாவின் திறந்த வெளியில் செக் தேசிய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு. பாட்டுகள் பெரும்பாலும் ஒன்றே. அரங்குக்குள் எதிரொலி தந்திகளுக்கு என்ன செய்கிறது, சுவரே இல்லாத வெளியில் அவை எப்படி வறண்டு போகின்றன என்பதை அடுத்தடுத்துக் கேட்கலாம்.

வில்நாண்:

நான் எபிகா குழுவின் 'த கிளாசிகல் கான்ஸ்பிரசி'யைச் சொல்வேன். 2008 ஜூன் 14 அன்று ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகர ஓபரா விழாவில், 40 பேர் ஆர்கெஸ்ட்ராவும் 30 பேர் பாடகர் குழுவும் சேர வாசித்தது. 2009இல் ஒலிவட்டாக மட்டுமே வந்தது. படம் இல்லாததால் கண் உங்களைக் குழப்பாது. முதல் பாதியில் விவால்டியின் கோடைக்காலப் பகுதியின் வேகமான இறுதியும் வெர்டியின் இரங்கல் இசையிலிருந்து ஒரு பகுதியும் மெட்டலோடு சேர்த்து வாசிக்கப்படுகின்றன. முதலில் விவால்டியின் அசலை வெறும் தந்திகளில் நாலைந்து முறை கேட்டுச் சுரங்களை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகு எபிகாவின் வாசிப்பைக் கேட்டால், எந்தச் சுரத்தில் வயலின் கிட்டாருக்குள் மூழ்குகிறது, எந்தச் சுரத்தில் மறுபடி தலைதூக்குகிறது என்பதை நீங்களே விரல்விட்டுச் சொல்லிவிடுவீர்கள்.